சாவிக்குக் கால் மணி நேரம்

என் வாய்க்கு நான் ஒரு நாளும் பூட்டுப் போட்டதில்லை. போட்டிருந்தால் அந்த வாசகசாலைக்குள் என் கால் பட்டிருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நாமக்கல் பக்கத்து விவசாயக் காட்டிலிருந்து சேலம் அம்மாபேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டுக்காரருக்கு நூல் கடையில் வேலை. எனக்கோ படிக்கிற பைத்தியம். மளிகை கட்டி வரும் காகிதத்தைக்கூட விடமாட்டேன். அப்படித்தான் ஒரு தொடர்கதை சீரகத்தோடு வந்து சேர்ந்தது. கதாநாயகி கிணற்றடியில் தனியாக நிற்கிறாள், பின்னால் யாரோ ஒருவன் வருகிறான், அந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது! வந்தவன் யார்? பாவி மளிகைக்காரனுக்கு மீதித் தாள் யார் வீட்டுக்குப் போயிற்றென்று தெரியவில்லை. அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களை எங்கள் தெரு வாசகசாலையில் தைத்து வைத்திருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாசகசாலை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டு வீட்டின் முன்னறை, இரண்டு பெஞ்சு, ஓர் அலமாரி, ஒரு சுவர்க் கடிகாரம். புத்தகம் வாசற்படி தாண்டக் கூடாது. உறுப்பினர் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது. உறுப்பினராக வேண்டுமானால், அவர்கள் கொடுக்கிற பொருளைப் பற்றிக் கால் மணி நேரம் நின்று பேச வேண்டும். நடுவில் வாயடைத்தால் அடுத்த வருஷம்தான். அறைச் சாவி வாரம் ஒருவராக முறை வைத்துப் போகும். முறைக்காரர்தான் காலையில் கதவைத் திறந்து, பெருக்கி, பத்திரிகையை உரக்கப் படிப்பார். புதிதாகத் தேறியவருக்கே அடுத்த வாரத்து முறை.

நான் மனுப் போட்டேன். காரியதரிசி ஓய்வு பெற்ற வாத்தியார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதப்பா, பொம்பளை கையில எப்படி நம்பிச் சாவியக் கொடுக்கறது?" என்றாராம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொம்பளை பேசக் கூடாதுன்னு சட்டத்துல எழுதியிருக்குதுங்களா? கேட்டுட்டு வாங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். பாவம், போனார். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் சம்மதித்தார்கள். ஆனால் கொடுத்த பொருளைப் பாருங்கள்: 'சாவி'. இரண்டெழுத்து. இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிடுவாள் என்று நினைப்பு.

எனக்கு எட்டு நாள் இருந்தது. உண்மையில் அந்தச் சொல்லே எனக்குப் புதுசு. எங்கள் காட்டில் அதற்குப் பெயர் தொறப்பு. சாவி என்றால் மணி பிடிக்காமல் காய்ந்துபோன பயிர்; அறுப்புச் சமயத்தில் அந்த வார்த்தையை எடுத்தால் அப்பா அடிக்க வருவார். எதிர்வீட்டுத் தெலுங்கு நெசவுக்காரம்மா, தறியை நிறுத்தாமலே, "தாளஞ்செவி" என்றார். தாளம் என்றால் பூட்டு; செவி என்றால் அவர்களுக்கும் காதுதான். அடுத்த சந்தில் கன்னடம் பேசுகிறவர்கள் 'பீகத கை' என்றார்கள், அதாவது பூட்டின் கை. அத்தர் விற்க வரும் பாய் 'சாபி' என்றார். காதும் கையுமாக எனக்குத் தலை சுற்றியது. கடைசியில், ஜங்ஷன் பக்கம் ரயில்வேக்காரர் வீட்டில் கோவாக்கார அம்மா ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டு ஜட்கா வைத்துக்கொண்டு போனேன்.

"சாவி எங்க ஊர்லயும் இருக்குதே! போர்த்துகீசியன் 'ஷாவ்' சொல்லும், நாங்க 'சாவி' சொல்லும்" என்று அந்த அம்மா சிரித்தாள்.

அடி சக்கை! மிளகு வாங்கக் கப்பலேறி வந்தவன் இந்தச் சொல்லையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். அது எத்தனை ஊர் தாண்டி என் மாமியார் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது! ஜட்காவில் திரும்பும்போது பாதி வழி தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போனால் எல்லோரும் தெருவில் நிற்கிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது. அந்த வாரம் காரியதரிசியின் முறை. மனிதர் மடியைத் தடவுகிறார், சட்டைப் பையைத் தடவுகிறார், சாவியைக் காணோம். பின்னாலேயே அவர் மனைவி விறுவிறுவென்று வந்து, இடுப்புக் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார். "குளிக்கப் போறப்ப என்கிட்ட கொடுத்துட்டு மறந்துட்டீங்க." நான் அதைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பேச எழுந்தேன். தொறப்பில் தொடங்கினேன். காது, கை, கப்பல் என்று ஒன்றொன்றாக அவிழ்த்தேன். "பலே" என்று யாரோ சொன்னார். கோவாக்கார அம்மாவைப் போலப் பேசிக் காட்டியதும் பெஞ்சே குலுங்கியது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம். என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது.

"அவ்வளவுதானாக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. போச்சு, எல்லாம் போச்சு என்று வாசலைப் பார்த்தேன். படிக்கு வெளியே காரியதரிசியின் மனைவி, சாவிக் கொத்து இடுப்பில் தொங்க, நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒன்னு கேக்கறனுங்க" என்றேன். "உங்கள்ல ஆரு மடியிலீங்க அவங்கவங்க ஊட்டுத் தொறப்பு இருக்குது? எடுத்துக் காட்டுங்க, பாக்கலாம்."

ஒரு கைகூட மடிக்குப் போகவில்லை. நான் விடவில்லை. முதல் பெஞ்சிலிருந்து விரல் நீட்டிக் கேட்டேன். "வீட்ல அவகிட்ட இருக்கு." அடுத்தவர், "எங்கம்மாகிட்ட." கேலி பேசின அந்தப் பின்பெஞ்சுக்காரனும், "அக்காகிட்டதான்" என்று முனகினான்.

"நெல்லு, நகை, நெலத்துப் பத்திரம், அத்தனையும் எங்க இடுப்புலதானுங்க இருக்குது. அதுக்கெல்லாம் எங்களை நம்புனவங்க, ரெண்டு பெஞ்சுக்கும் ஒரு அலமாரிக்கும் நம்ப மாட்டீங்களா? இன்னைக்கு இந்தக் கதவைத் தொறக்கத் தொறப்பு ஆருகிட்ட இருந்துங்க வந்துது?"

வாசலில் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அறையே சிரித்தது. "கால் மணி எப்பவோ தாண்டிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

காரியதரிசி எழுந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். "தோத்தேம்மா நான்" என்று சிரித்துக்கொண்டே, சாவியைக் கொடுக்க மடியைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். கதவைத் திறந்த கையோடு, பழக்க தோஷத்தில் மறுபடி மனைவியிடமே கொடுத்திருக்கிறார் மனிதர்!

அந்த அம்மா படி தாண்டி உள்ளே வந்தார். அந்த அறைக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. சாவியைக் கழற்றி என் கையில் வைத்து, "எனக்கு என்ன பொருள் கொடுப்பாங்கன்னு கேட்டு வையி" என்றார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்து, பெருக்கி, நேராக அலமாரிக்குப் போனேன். கிணற்றடிக்கு வந்தவன் அவள் தம்பி. அட கருமமே, இதற்கா இத்தனை பாடு! பிறகு பத்திரிகையை விரித்தேன். முதல் பெஞ்சில் காரியதரிசி வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் சத்தமாப் படிம்மா" என்றார்.

படித்தேன். தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி படித்தேன்.