ஏரம்பு உயர்த்திய ஜீப்

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரர் பலாலியை விட்டுப் போனபோது ஏரம்புவிடம் மிஞ்சியவை ஒரு காக்கிக் காற்சட்டையும், எந்த ஜீப்பையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய இரண்டு கைகளும்தான். விமானத் தளத்து வாகனக் கொட்டிலில் நாலு வருசம் உழைத்தவன். நற்சான்றுக் கடிதம் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த துரை ஒருநாள் காலை திரும்பிப் பாராமல் விமானம் ஏறிவிட்டார். கடிதம் இல்லாதவனைப் பட்டணத்தில் எந்தக் கராச்சும் உள்ளே விடவில்லை.

மருதனார்மடம் சந்தைக்கு வருகிறவர்களின் சைக்கிள்களுக்கு ஒட்டுப் போட்டே ஒன்றரை வருசம் கழிந்தது. மனைவி பத்மாசினி மட்டும் திங்கள் தவறாமல் அந்தக் காற்சட்டையைத் தோய்த்துக் கொடியில் போடுவாள். ஆராவது கூப்பிட்டால் உடுத்துக்கொண்டு போகவேண்டுமே.

கூப்பிட்டவர் சோமசேகரம். மலாயா ரயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு வந்தவர். பட்டாளம் விட்டுப்போன ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். அரியாலைக்குக் கிழக்கே பரவைக்கடலோரம் அவருக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. அதற்குப் போகும் மணல் ஒழுங்கையில் மாட்டுவண்டிகள் தலைமுறை தலைமுறையாக ஓடி இரண்டு பள்ளங்களை வெட்டி வைத்திருந்தன. நடுவில் வரம்புபோல மண் எழும்பி நின்றது. வண்டியின் வயிறு உயரம், அதற்குத் தட்டாது. ஜீப்போ அடைக்கோழி மாதிரி அந்த வரம்பில் குந்திவிடும்.

"எடேய் ஏரம்பு, இதை உயர்த்தேலாதோ?"

"ஏலும் ஐயா. இப்ப அச்சு வில்லுத் தகட்டுக்கு மேலை கிடக்கு. கழற்றி வில்லுக்குக் கீழை கொண்டுபோனா அஞ்சு அங்குலம் எழும்பும். ஆனா வில்லுக் குந்த அச்சின்ரை மேற்பக்கத்திலை இரும்பு இருக்கை வைச்சு நெருப்பாலை ஒட்டவேணும். அதைப் பட்டணத்திலைதான் ஒட்டுவாங்கள்."

பட்டணம் என்றதும் சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னை யாரோ வைததுபோல இருந்தது அவர் முகம்.

"என்ரை வளவிலை விழுந்த பனை கிடக்கு. வைரம் பாஞ்ச மரம். அதிலை இருக்கை செதுக்கி வையன்."

"நீட்டுக்குக் கிடந்தா பனை எவ்வளவு பாரமும் தாங்கும் ஐயா. துண்டாய் நறுக்கி வைச்சு இறுக்கினா நாரோடை பிளக்கும்."

"பனையிலை வீட்டுக்கு வளை, பனையிலை கிணத்துக்குத் துலா எண்டு வாழுற ஊரடா இது. எனக்கு நீ பனை படிப்பிக்கிறியோ?" பிறகு குரல் தணிந்தது. "செபநாயகத்தைத் தெரியுமெல்லே? பஸ் கொம்பனிக் கராச்சு அவரின்ரை பொறுப்பிலைதான். ஞாயிற்றுக்கிழமை தோட்டம் பாக்க வாறார். இதிலைதான் கூட்டிக்கொண்டு போகப்போறன். உனக்கு ஒரு கடிதமும் எழுதித் தருவன். யோசிச்சுச் சொல்லு."

ஏரம்பு யோசித்தான். கொடியில் ஆடிக்கொண்டிருக்கும் காற்சட்டைதான் கண்ணில் நின்றது.

"ஓம் ஐயா."

மூன்று நாள் வேலை. அச்சின் உருட்சிக்குச் சரியாகக் கட்டைகளைக் குடைந்து, எண்ணெயில் ஊறவைத்து, போல்டுகளை மாறிமாறி இறுக்கினான். தப்பென்று தெரிந்து செய்கிற வேலை இவ்வளவு நேர்த்தியாய் வருகிறதே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. பின்பக்கத்து இடது கட்டையில் மயிரளவு கீறல் ஒன்று ஓடியது. வேறொன்று செதுக்க நேரம் இருந்தது. செதுக்கினால் அதுவும் கீறும் என்பதும் தெரிந்திருந்தது. கீறலை உள்பக்கம் திருப்பி வைத்துப் பூட்டினான்.

ஞாயிறு காலை, ஸ்டியரிங்கில் இருந்த சோமசேகரத்தின் பக்கத்தில் செபநாயகம் வெள்ளைக் காற்சட்டையோடு ஏறினார். ஏரம்பு ஜாக்கையும் போல்டுச் சாவிகளையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் குந்தினான். ஒழுங்கையில் ஜீப் வரம்பைத் தொடாமல் போனது. மண் கீழே ஓடுவதை எட்டிப் பார்த்தபோது, தன்னை மறந்து அவனுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

"யோசினை என்ரை, மிஸ்டர் செபநாயகம்," என்றார் சோமசேகரம். "முழுக்க என்ரை வளவுப் பனை. பட்டணத்துக்கு ஒரு சதம் குடுக்கேல்லை."

தோட்டத்து வாசல் படலை தெரியும்போது ஆழமான குழி ஒன்றில் ஜீப்பின் இடது பின்சில்லு விழுந்தது. காய்ந்த மட்டையை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். அச்சு புரண்டு, ஜீப் இடப்பக்கம் சரிந்து வரம்பிலேயே குந்திவிட்டது. ஆருக்கும் காயமில்லை.

செபநாயகம் இறங்கினார். வெள்ளைக் காற்சட்டையைப் பாராமல் மண்ணில் முழங்காலூன்றி, பிளந்த கட்டையின் பாதியை எடுத்தார்.

"ஆர் இதைப் பூட்டினது?"

"உவன்தான்," என்று சோமசேகரம் நாடியை நீட்டிக் காட்டினார். "பட்டாளத்திலை பழகின வேலை எண்டான். நம்பினன்."

ஏரம்பு பின்னாலிருந்து குதித்து இறங்கினான். "இரும்பு போடவேணும் எண்டு நான் சொன்னனான் சேர். ஐயாதான்..."

"பிளக்கும் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"ஓம் சேர்."

செபநாயகம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் ஏரம்பு தாங்கியிருப்பான்.

"கீறலையும் உள்ளுக்குத் திருப்பித்தான் வைச்சிருக்கிறீர். தம்பி, எங்கடை முதலாளி இந்த ஐயாவிலும் பெரிய கஞ்சன். பிரேக்குக்குக் கயிறு கட்டடா எண்டு ஒருநாள் சொல்லுவார். நீர் கட்டுவீர், வடிவாய்க் கட்டுவீர். பஸ்ஸிலை சனமெல்லே ஏறுது."

கட்டையை ஆசனத்தில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, வந்த ஒழுங்கையாலேயே நடந்து போனார்.

மத்தியான வெயிலில் ஏரம்பு அச்சைப் பழையபடி வில்லுக்கு மேலே ஏற்றிப் பூட்டினான். மாடு பூட்டித்தான் இழுக்கவேண்டி வந்தது. ஜீப்பின் வயிறு வரம்பை உழுதுகொண்டே வந்தது. சோமசேகரம் பின்னால் நடந்து வந்தார். தன் வீட்டு வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"நேற்றே எழுதினது. கிழிச்சு என்ன காணப்போறன். கொண்டு போ."

வீட்டில் பத்மாசினி அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். மிசன் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு வரை இங்கிலீசு படித்தவள்.

"என்ன எழுதியிருக்கு?"

"வேலை தெரியும் எண்டு ஒண்டையும் காணேல்லை." அவள் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். "சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்வான் எண்டு கிடக்கு. நல்லாத்தானே எழுதியிருக்கிறார், இல்லையோ?"

ஏரம்பு எழும்பிப் போய்க் கொடியில் கிடந்த காக்கிக் காற்சட்டையை இழுத்தெடுத்தான். கையில் படிந்திருந்த கிறீசை அதில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.