அறுபத்தொன்றும் நூற்றுப்பதினொன்றும்

அக்காவின் கைபேசி ஒலித்தாலே என்ன முறைப்பாடோ என்று நான் பயந்த காலம் ஒன்று இருந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்த ஒற்றை அறையில், நாங்கள் இருவரும் மென்பொருள் கம்பெனி தொடங்கியிருந்தோம். அக்கா நல்ல வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர். எங்களை நம்பி வந்ததோ கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரேயொரு இரத்தப் பரிசோதனை நிலையம். பரிசோதனை முடிவுகளை நோயாளிகளின் போனுக்கு அனுப்பும் சிறு நிரலை, ஸ்கிரிப்டை, அக்காதான் எழுதினார்.

முடிவுகளைச் சேமித்து வைத்திருக்கும் சேர்வர் கணினி இடையில் நின்றுபோனால், ஸ்கிரிப்ட் காத்திருந்து மறுபடி முயலவேண்டும். எங்கள் அறையில் சமர்த்தாகக் காத்திருந்தது. கொட்டாஞ்சேனையில் முதல் தடங்கலிலேயே படுத்துவிட்டது. "நாளைக்கும் இப்பிடியெண்டால் வேண்டாம் பிள்ளை, பழையபடி கடதாசியிலயே குடுக்கிறம்" என்று போனில் சொல்லிவிட்டார் நிலையத்தை நடத்தும் அன்ரி. அவரும் போனால் அறையைப் பூட்டவேண்டியதுதான்.

மறுநாள் காலை நான் பஸ் ஏறிப் போய், அவர்களது கணினியின் முன்னால் இருந்து அக்காவை அழைத்தேன். "சேர்வர் இணைப்பை மறுக்குதாம் அக்கா. பிழை நூற்றுப்பதினொன்று." அக்கா விசைகளைத் தட்டுவது கேட்டது. பிறகு, "ஐயோ, என்ர மெஷினில அது அறுபத்தொன்றெல்லோ!" என்றார்.

பஸ்ஸையே நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர்க்காரர் நாங்கள். பிழைகளையும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். வேறு ஊரில் அதே நம்பர் பஸ் வேறெங்கோ போகும் என்பது உறைக்கவில்லை. அதே பிழை அக்காவின் மாக் கணினியில் அறுபத்தொன்று, இவர்களின் லினக்ஸ் கணினியில் நூற்றுப்பதினொன்று. எந்தப் பிழை வந்தால் காத்திருக்கவேண்டும் என்று அக்கா எழுதிவைத்திருந்ததோ வெறும் அறுபத்தொன்று. எண்ணுக்குப் பதிலாக அந்தப் பிழையின் பெயரை எழுதியிருந்தால், எந்தக் கணினியில் எந்த எண் என்பதை ஸ்கிரிப்ட் மொழியே பார்த்துக்கொண்டிருக்கும். "மண்டைக்குள்ள களிமண்தான் எனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு, வரியை மாற்றி அனுப்பினார்.

"எங்க, நிப்பாட்டிக் காட்டும் பாப்பம்" என்றார் அன்ரி. நோயாளியின் எண்ணுக்குப் பதில் அன்ரியின் எண்ணைப் போட்டு சேர்வரை நிறுத்தினேன், ஸ்கிரிப்ட் காத்திருந்தது. திரும்பத் தொடக்கியதும் அன்ரியின் கையிலிருந்த போன் டிங் என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பல வருடங்கள் கழித்து, சென்ற கிழமை அந்த நிலையம் கணினிகளை எல்லாம் விண்டோஸுக்கு மாற்றியது. அங்கே அதே பிழைக்கு இன்னொரு எண். அன்றைக்கென்று பார்த்து சேர்வரும் நின்று நின்று வந்தது. இப்போது நிறையப் பேர் வேலை செய்யும் எங்கள் அலுவலகத்தில், அக்கா கைபேசியை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் வரை அது ஒலிக்கவில்லை.

"அன்ரி உனக்கும் கோல் எடுக்கேல்லையோ?"

"இல்லையக்கா."

"அப்ப சரி" என்று கைபேசியைப் பைக்குள் போட்டார். "வா, ரோல்ஸ் சாப்பிடுவம்."