சென்னகேசவன் நின்ற வரிசை

சென்னகேசவன் கல்யாணப் பந்தியில் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இலை போட்டதும் உட்காருவார். பின்னால் யாராவது நிற்பது கண்ணில் பட்டால் போதும், எழுந்துவிடுவார். "நீங்க உக்காருங்க, எனக்கொண்ணும் அவசரமில்லீங்க." கடைசியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து ஆறின ரசத்தையும் அப்பளத் தூளையும் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு, சமையல் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வருவார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பழமொழி சொல்லும் ஊரில்தான் அவரும் பிறந்தார். காதில் விழவில்லை போலிருக்கிறது.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை. தெருவில் எல்லோரும் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொன்னேன். அவர் மனைவி ரங்கநாயகி எனக்குச் சிநேகிதியான பிறகு அந்தத் தங்கத்தைக் கொஞ்சம் உரசிப் பார்த்தேன்.

ஒருநாள் தெருக்குழாயில் ரங்கநாயகி விடிவதற்கு முன்பே குடத்தை வைத்து இடம் பிடித்திருந்தாள். பல் துலக்கிக்கொண்டே வந்த இவர், பின்னால் நின்ற ஒரு அம்மாவைப் பார்த்துவிட்டு, எங்கள் கண்ணெதிரிலேயே அந்தக் குடத்தைத் தூக்கி வரிசையின் வாலில் வைத்தார். "நீங்க மொதல்ல புடிங்க." அந்த அம்மா வாயார வாழ்த்தினாள். ரங்கநாயகியின் முறை வரும்போது குழாயில் தண்ணீர் நின்றுபோனது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அது இதுதான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ரங்கநாயகி சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா பாலகோபால் அந்த ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பூர்வீகம் நம் பக்கம்தான். வீட்டில் பேச்சு தெலுங்கு. அப்பாவை அவள் நாயனா என்பாள். தாயில்லாத பெண்ணை ஐம்பத்தேழில் கப்பலில் கூட்டிவந்து சொந்தத்துக்குள் கட்டிக்கொடுத்தார். கிளம்பும்போது மருமகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "மூணு வருசத்துக்கு ஒருக்கா எம் பொண்ணை என் கண்ணுல காட்டுங்க மாப்பிள்ளை." இவர் கையைப் பிடித்துச் சத்தியமே செய்தார். மகளின் சிங்கப்பூர்க் குடியுரிமையை மட்டும் மாற்ற வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அது இருக்கும்வரை பெண் நினைத்தபோது பிறந்த வீட்டுக்கு வரலாம் என்பது அவர் நம்பிக்கை.

நினைத்தபோதா? முதல் தடவை கிளம்ப இருந்தபோது சென்னகேசவனின் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. அடுத்த தடவை கிணத்துக்கடவில் தங்கைக்குப் பிரசவம். இவருக்குப் பாஸ்போர்ட் எடுத்துப் பெட்டியில் வைத்த பிறகு, மதுக்கரையில் கூட வேலை செய்தவர் வீடு கட்டுகிறார், கூடமாட ஒத்தாசைக்கு இவர் இருந்தே ஆக வேண்டுமாம். "அவங்க காரியம் மொதல்ல ஆகட்டும் அம்மணி, நம்ம ஊடுதானே, எப்ப வேணா போய்க்கலாம்" என்பார். ரங்கநாயகி எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். என்னிடம் வந்து பேசுவாள். அப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது. ஒரு தடவைகூட அவள் போகவில்லை.

அறுபத்தேழில் தந்தி வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில், உடனே வா. சிங்கப்பூரிலேயே இருந்த அவள் அண்ணன் விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தான். ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போய், அங்கிருந்து விமானம். விமானம் ஏறுவது இருவருக்கும் அதுதான் முதல் தடவை. இதற்கு மேல் நடந்ததெல்லாம் ரங்கநாயகி திரும்பி வந்த பிறகு எனக்குச் சொன்னது.

சிங்கப்பூரில் இறங்கியதும் ஒரு பெரிய கூடம். அங்கே இரண்டு வரிசை. உள்ளூர்க் குடிமக்களுக்கு ஒன்று. அதில் ஆளே இல்லை. மற்றவர்களுக்கு ஒன்று, அதில் விமானமே நின்றது. ரங்கநாயகிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். பலகையைப் படித்தாள். படித்துவிட்டு, பேசாமல் புருஷன் பின்னால் போய் நீண்ட வரிசையில் நின்றுகொண்டாள். புருஷன் ஒரு பக்கம் பெண்டாட்டி ஒரு பக்கம் நிற்பது எங்கள் ஊரில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் செய்கிற காரியம். வந்த இடத்தில் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

வரிசை நகர்ந்தது. இவர்கள் நகரவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள், சென்னகேசவன் வழிவிட்டார். கோல் ஊன்றிய சீனத்துக் கிழவர் ஒருவர் வந்தார், வழிவிட்டார். ஒரு பஞ்சாபிக் குடும்பம் மூட்டை முடிச்சோடு மூச்சிரைக்க வந்தது. மொத்தக் குடும்பத்துக்கும் வழிவிட்டார். பாஷை தெரியாத ஊரில் கையாலேயே 'நீங்க மொதல்ல' என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். ரங்கநாயகி தன் பாஸ்போர்ட்டைத் திறந்து திறந்து மூடினாள்.

பயணிகளின் மூட்டைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போன ஒருவர் இவர்கள் பேச்சைக் கேட்டு நின்றார். நாகூர் மீரான் என்று பெயர். ரங்கநாயகி கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, இது இந்த ஊரு பாஸ்போர்ட்டாச்சே. இங்க எதுக்கு நிக்கிறீங்க? அந்தப் பக்கம் போனா ஒரு டீ குடிக்கிற நேரத்துல வெளிய போயிரலாம்."

"அப்ப இவருங்க?" என்றாள்.

"கூடவே கூட்டிட்டுப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா ஒண்ணாத்தான் விடுவாங்க. அண்ணன் வெளியூரு. இவருக்கு இங்க யாரு பொறுப்புன்னு விசாரிக்காம விடமாட்டாங்க. பொறுப்புக்கு யாரு வந்திருக்காங்க?"

யாரும் வரவில்லை. பொறுப்பேற்க வேண்டிய மாமனார்தான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மைத்துனன் அவர் பக்கத்தை விட்டு நகர முடியாமல் இருக்கிறான்.

சென்னகேசவன் எப்போதும்போலச் சிரித்தார். "பரவால்லீங்க. எங்களுக்கொண்ணும் அவசரமில்லீங்க. நின்னே போறோம்."

ரங்கநாயகி அவர் முகத்தைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த மூட்டைக்காரர் முன்னாலேயே சொன்னாள்.

"உங்களுக்கு அவசரமில்லீங்க. எனக்கு இருக்குதுங்க. எங்க நாயனா சாகக் கெடக்கறாரு. பத்து வருசமா உங்க இடத்தைக் குடுக்கறப்பெல்லாம் என் இடத்தையும் சேத்துக் குடுத்துப்போட்டீங்க. ஒருக்காலாவது என்னைக் கேட்டீங்களா?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைக் கேள்வி கேட்டதில்லை. நாகூர் மீரான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், நல்ல மனுஷர். சென்னகேசவன் அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீ போ அம்மணி" என்றார். "அந்த வரிசைல போ. எனக்காக நிக்காத."

"உங்களை உட்டுட்டு எப்படிங்க..."

"நான் வாரேன். எப்ப உடறாங்களோ அப்ப வாரேன். நீ உங்க நாயனாவைப் போய்ப் பாரு."

அவள் போனாள். அங்கிருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, ரொம்ப நாள் ஆயிற்று போலிருக்கிறதே என்று ஏதோ சொல்லி முத்திரை குத்தினார். தாண்டிய பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாளாம். பட்டுச் சட்டைக்காரர் ஒருவர் சென்னகேசவனுக்கு முன்னால் நுழையப் பார்த்தார். இவர் இரண்டு பைகளையும் இரண்டு பக்கமும் பரப்பிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். இதைச் சொல்லும்போது ரங்கநாயகி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நாகூர் மீரான் டாக்சி பிடித்துக்கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பாலகோபாலுக்கு நினைவு நன்றாக இருந்தது. மகளை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். இளைத்துவிட்டாயே என்றார். அம்மாவைப் பற்றிப் பேசினார். அவள் சின்ன வயதில் கிரேன் மேலே ஏற அடம்பிடித்ததைப் பேசினார். மத்தியானத்துக்கு மேல் பேச்சு குறைந்தது. அவள் கை அவர் நெஞ்சின் மேல் இருக்கும்போதே மூச்சு நின்றது.

சென்னகேசவனை விசாரித்து, காத்திருக்கவைத்து, கடைசியில் மைத்துனனின் முதலாளியோடு போனில் பேசிய பிறகுதான் வெளியே விட்டார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் இரண்டு பைகளோடு நின்றவர், எல்லோர் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டார். உள்ளே வரவில்லை.

ரங்கநாயகி எழுந்து அவர் அருகே போனாள்.

"நல்லாப் பேசினாருங்க. மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"என்னை முன்னால அனுப்பிச்சுப்போட்டு, அவரு பின்னால வாராருன்னு சொன்னேனுங்க. பத்து வருசமா கூட்டிட்டு வராத கோவமெல்லாம் நாயனாவுக்கு அதுலயே போயிருச்சுங்க."

அவர் பைகளைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை என்று ரங்கநாயகி சொன்னாள்.

"நீ என்ன செஞ்சே? தேத்தினயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அக்கா" என்றாள். "பக்கத்துலயே உக்காந்துட்டேன். ஆனா அழுவாதீங்கன்னு சொல்லலை. அழுவட்டும்னு உட்டுட்டேன்."