இருபது கோல் தூரம்

பெண்கள் பள்ளிகளுக்கு இன்ஸ்பெக்ட்ரஸாக இருந்த காலத்தில், எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது வருகைப் பதிவேட்டை அல்ல, அடிக்கோலை. பன்னிரண்டு அங்குலமும் தேயாமல் தெரிகிற அடிக்கோல் ஒன்று இல்லையென்றால் என் அறிக்கையில் இரண்டு வரி நிச்சயம் விழும். கூரை ஒழுகுகிற பள்ளியில் நின்றுகொண்டு இவள் அடிக்கோல் கேட்கிறாளே என்று தலைமையாசிரியைகள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டது எனக்குத் தெரியும். காரணம் கேட்டவர் யாருமில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. அப்பா தாலுக்கா கச்சேரியில் குமஸ்தா. மனு எந்தத் தாளில் எழுத வேண்டும், யார் வழியாகப் போக வேண்டும், எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டையும் அப்படியேதான் நடத்தினார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, ஆங்கிலப் பள்ளியில் நான்காம் ஃபாரம் வரை படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் எங்களோடு இருந்தார். அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார்.

“ஓணம் கழியட்டு. அதுக்குள்ள ஒரு வேலை இல்லேன்னா நீ மலைக்குப் போவணும். தோட்டத்துல கணக்கப்பிள்ளைக்கு ஆள் கேக்கானுவ.”

மலைத் தோட்டம் என்றால் காய்ச்சல். எங்கள் உறவில் ஏற்கெனவே இருவர் அங்கே போயிருந்தார்கள். ஒருவர் திரும்பி வரவில்லை. மற்றவர் வந்தார், மூன்று மாதம் போர்வைக்குள் நடுங்குவதற்காக. அம்மா மட்டும் சோறு போடும்போது சித்தப்பாவின் இலையில் ஒரு அகப்பை கூடுதலாகப் போட்டாள்.

அந்த வருஷம் மிஷன் பள்ளிக்கு ஓர் அமெரிக்கப் பாதிரியார் வந்திருந்தார். அவர் ஊரில் பேஸ்பால் என்றொரு விளையாட்டாம். எறிகிற பந்து எதிரே நிற்பவனின் முழங்காலுக்கு மேலும் அக்குளுக்குக் கீழுமாக, ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைந்த அகலத்துக்குள் போக வேண்டும். அதைப் பழக அவர் ஒரு சாதனம் கொண்டுவந்திருந்தார். இரண்டு கம்புகள், நான்கு கயிறுகள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் நடுவில் ஒரு நீள்சதுரம் வரும். பிள்ளைகள் அதற்குச் ‘சுவரில்லாச் சன்னல்’ என்று பெயர் வைத்தார்கள்.

பாதிரியாருக்குத் தோள்மூட்டு போய்விட்டிருந்தது. பிள்ளைகளுக்கு எறியக் கற்றுக்கொடுக்க ஒரு விளையாட்டு வாத்தியார் வேண்டும் என்றார். இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவன் உபதேசியாரின் மகன், மற்றவர் சித்தப்பா. ஆளுக்கொரு பந்தும், தூரம் எழுதிய ஒரு காகிதமும் கொடுத்துவிட்டு, சன்னலைச் சுருட்டிப் பூட்டிவைத்தார். மழைக்காலம் முழுக்கக் கொடைக்கானலில் இருந்துவிட்டு ஓணம் கழிந்து திரும்புவாராம். அன்றைக்குப் பத்துப் பந்தில் யாருடையது அதிகம் சன்னல் வழியே போகிறதோ அவருக்கு வேலை.

பந்து தோலால் ஆனது. சைவ வீட்டில் பெரிய பிரச்சினை. அப்பா ஒரு நடைமுறை வகுத்தார். பந்து மாட்டுத் தொழுத்துக்குள் மட்டுமே இருக்கலாம். அதைத் தொட்டவன் குளத்தில் முங்கிவிட்டுத்தான் அடுக்களைப் பக்கம் வரலாம். பசுவின் தோலைப் பசுவுக்குப் பக்கத்திலேயே வைப்பதில் யாருக்கும் நெருடல் இல்லை. அந்தப் பந்துகளைக் குதிரைத் தோலில் செய்வார்கள் என்று பிற்காலத்தில் எங்கோ படித்தேன். சித்தப்பா மழையில் முங்கிய முங்கலெல்லாம் வீண்.

கமுகுத் தடி இரண்டை நட்டு, கயிறு கட்டி, பின்னால் சாக்கைத் தொங்கவிட்டு, தொழுத்துச் சுவரோரம் சித்தப்பாவும் ஒரு சன்னல் செய்தார். தூரம்தான் தகராறு. காகிதத்தில் அறுபது அடி ஆறு அங்குலம் என்றிருந்தது. அடிக்கோல் வீட்டில் இல்லை. அப்பாவின் கச்சேரியில் நிலம் அளக்கும் சங்கிலியே உண்டு. ஆனால் சர்க்கார் சங்கிலி பந்து விளையாட்டுக்கு வராது என்று அப்பா சொல்லிவிட்டார். போட்டிக்கு நிற்கும் உபதேசியார் மகனிடம் போய்க் கேட்கச் சித்தப்பாவுக்குக் கூச்சம்.

அப்போது எங்கள் நெல் பத்தாயத்தைப் புதுப்பிக்க ஆசாரி வந்திருந்தார். மழையால் வேலை நின்றுபோக, கருவிகளைச் சாய்ப்பில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய முழக்கோல் துணியில் சுற்றி, சந்தனப் பொட்டுடன், ஆணியில் தொங்கியது. அதை வேறு யாரும் தொடக்கூடாது. பெண்பிள்ளை தொட்டால் சொல்லவே வேண்டாம், ஆசாரி பரிகாரம் செய்யாமல் உளி எடுக்க மாட்டார்.

நான் தொட்டேன். எல்லாரும் மதியம் கண்ணயர்ந்த நேரம். மூன்றடி ஒரு கஜம் என்று அந்த வாரம்தான் பள்ளியில் படித்திருந்தேன். அறுபதடி இருபது கஜம். கோலைப் பதினெட்டாவது முறை மண்ணில் வைக்கும்போது சித்தப்பா வந்துவிட்டார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“மக்கா, இது ஒரு கஜம் உண்டா?”

“உண்டு சித்தப்பா. எங்க பள்ளியில உள்ள கஜக்கோல் இந்த நீளமாக்கும்.”

பள்ளியிலிருந்த கஜக்கோலை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். ஆசாரியின் கோல் இரண்டடி நான்கு அங்குலத்துக்கு மேல் ஒரு நூல்கூட வராது என்பதை, பதினோரு வருஷம் கழித்துப் பயிற்சிப் பள்ளியில் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியபோதுதான் கண்டேன். இருபது கோல் என்பது நாற்பத்தேழு அடிகூட இல்லை.

இருபதாவது கோலில் குச்சி அடித்தோம். மேலும் ஆறு அங்குலத்துக்கு என் கைச் சாண் ஒன்றை வைத்துக் கூட்டினோம். அந்த ஆறு அங்குலத்தில்தான் எங்கள் கவனமெல்லாம் இருந்தது.

மழை முழுக்க எறிந்தார். ஆடியில் பத்துக்கு மூன்று. ஆவணி பிறந்தபோது எட்டு, சில நாள் ஒன்பது. சாக்கில் பந்து விழும் சத்தம் கேட்டால் அம்மா அடுக்களையிலிருந்து, “உள்ள போயிற்றா கொழுந்தனாரே?” என்று கேட்பாள். அப்பாகூட ஒருநாள் குடையைப் பிடித்தபடி நின்று நான்கு எறி பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவரிடமிருந்து அது சான்றிதழ்.

ஓணம் கழிந்து பாதிரியார் வந்தார். பள்ளி மைதானத்தில் சன்னலைக் கட்டி, இரும்பு நாடாவால் தூரம் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டில் நின்ற சித்தப்பா சன்னலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார்.

“மக்கா, தூரம் கொஞ்சம் கூடுதலா தெரியுதே?”

“வெட்டவெளியில அப்படித் தெரியும் சித்தப்பா. அறுபது அடி அறுபது அடிதானே!”

பக்கத்தில் நின்றவர்கள் என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிச் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

முதல் மூன்று பந்தும் சன்னலுக்கு முன்னாலேயே மண்ணில் விழுந்தன. “எலே, சன்னலுக்க படியில வைக்கானே!” என்று ஒருவன் கத்தினான். நான்காவதைப் பலமாக எறிந்தார், மேலே பறந்தது. ஐந்தாவதும் அப்படியே. அதன்பின் அவர் கை எந்தத் தூரத்தை நம்புவது என்று தெரியாத கையாகிவிட்டது. பத்துக்கு ஒன்று. உபதேசியாரின் மகனுக்குப் பத்துக்கு நான்கு. ஆவணியில் எங்கள் தொழுத்தோரம் நான்கு மட்டும் உள்ளே போயிருந்தால் சித்தப்பா சாப்பிடாமல் படுத்திருப்பார்.

மறுநாள் மாலை கொல்லைப்புறம் போனேன். எங்கிருந்தோ ஓர் அடிக்கோல் வாங்கி வந்திருந்தார். குச்சியிலிருந்து சன்னல்வரை குனிந்து குனிந்து அளந்தார். பிறகு சாய்ப்பிலிருந்து ஆசாரியின் கோலை எடுத்துவந்து, அடிக்கோலை அதன் மேல் வைத்தார். வைத்து, வெகுநேரம் பார்த்தார். போட்டிதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு அளக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா அந்நேரம்தான் கச்சேரியிலிருந்து வந்தார். பின்னால் ஆசாரியும்.

“எலே, ஆசாரிக்க கோல் ஒன் கையில எப்படிலே வந்து?”

சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் எடுத்தேன் அண்ணா. மழைக்கு முன்னமே எடுத்து அளந்தேன்.”

“படிச்சவனாக்கும்!” என்று ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். பரிகாரத்துக்கு அப்பா ஏற்பாடு செய்தார். சித்தப்பாவுக்கும் செய்தார்: மாதக் கடைசியில் மலைக்குப் புறப்படுவதாக இருந்தது, மறுநாள் காலையே என்றாயிற்று.

வண்டி வந்து நின்றபோது சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, பந்தை என் கையில் வைத்தார். தலையைத் தடவினார்.

“வாறேன் மக்கா. கணக்கு நல்லா படிக்கணும், கேட்டியா?”

பெரியவர்கள் ஊருக்குப் போகும்போது சொல்கிற வழக்கமான வார்த்தை என்றுதான் எடுத்துக்கொண்டேன். என்னைப் போய் இவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று கொஞ்சம் ரோஷம்கூட.

“எனக்குக் கணக்கு நல்லா வருமே சித்தப்பா!”

“உண்டு மக்கா, உண்டு” என்றார்.

பதினான்கு மாதம் கழித்து அவருடைய தகரப் பெட்டி மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்தது. அம்மா அழுதாள். நானும் அழுதேன், எல்லாரையும் போல.