மிச்சம் நாலு பேர்

குன்றுதோறும் நின்றருளும் குமரன் திருவடி நம் யாவரையும் காக்க.

அன்று வைகாசி விசாகம். சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பூசை முடிந்தபின், எண்களை அருகிலுள்ள பத்துக்கு முழுதாக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கடைசி இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் அடுத்த பத்துக்கு உயர்த்த வேண்டும். நான்கோ அதற்குக் கீழோ என்றால் விட்டுவிட வேண்டும்.

“ஐம்பத்து நாலு?” என்று கேட்டேன்.

“அம்பது சார். நாலு காலி,” என்றான் ஒருவன். மண்டபமே சிரித்தது.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. சென்ற மழைக்காலத்தில் மலை சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான அவர்கள் லயத்தை மூடியது. பலரைத் தோண்டி எடுத்தார்கள். நான்கு பேர் மட்டும் கிடைக்காத நிலையில் தேடுதல் நின்றுபோனது. அந்த நால்வரில் அவள் தாயும் ஒருத்தி.

“நாலுன்னா விட்டுரணும்னுதான் தேடுறத நிறுத்திட்டாங்களா சார்?”

“இது வெறும் கணக்கு, தாயி.”

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள்.

“இன்னும் ஒரு ஆளு உள்ள கெடந்திருந்தா அஞ்சு. அப்பத் தேடியிருப்பாங்கல்ல?”

நாள்தோறும் பதிகம் ஓதுகிறவன் நான். இறைவன் கணக்கில் எவரும் விடுபடுவதில்லை என்று சொல்ல நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் துணிவு வரவில்லை, இன்றும் வரவில்லை.

வேறு எவரிடம் கேட்பதென்று தெரியாமல் அந்தக் குமரனிடமே கேட்கிறேன்: இதைப் படிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும், வெளியே போனவர் எல்லோரும் நலமாகத் திரும்பி வரட்டும்.