நாலாம் மாடிக் குழுவின் ஒரே கேசட்

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் இடி. இருபத்தாறு வருடமாக ஒரே ராக் குழுவில் பாடுகிறார். அந்தக் குழுவுக்கு ஓடியது ஒரே ஒரு பாட்டு. அதன் முடிவில் தொண்டை கிழிய ஒரு கத்து கத்துவார். கூட்டம் அந்தக் கத்துக்காகத்தான் வருகிறது. ஐம்பத்து நாலு வயதில், முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, தொப்பையை எக்கித் தோல் சட்டையை மாட்டி, செக்குமாடு மாதிரி அந்தக் கத்தையே சுற்றிவர வேண்டும். வேறு பாட்டு எடுத்தால் கூட்டம் கொட்டாவி விடும், டிரம்ஸ்காரர் முறைப்பார்.

மூச்சு முட்டித்தான் தனியாக ஒரு சின்னக் கடை விரித்தார். கிடார் வாசிக்கும் பல் டாக்டர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, சனிக்கிழமை மதியங்களில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், ஸ்டூலில் உட்கார்ந்து பாடுவது. பாதி மற்றவர்கள் பாட்டு, பாதி அவரே எழுதியது. கத்தல் கிடையாது. இப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் சனங்கள் லேசுப்பட்டவர்களா? மற்றவர்கள் பாட்டுக்குத் தலையாட்டியவர்கள், "அடுத்தது நான் எழுதினது" என்று அவர் சொன்னதும் ஸ்பூனைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் கைகழுவப் போனார். இரண்டு மேசைகளில் பில் கேட்டார்கள். மூன்றாவது வாரம் பொறுக்கமுடியாமல் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். இது நாற்பது வருடத்துக்கு முந்தைய குழு ஒன்றின் பாட்டு, ஒரே ஒரு கேசட் போட்டார்கள், அதோடு பிரிந்துபோனார்கள் என்றார். குழுவின் பெயர் என்ன என்று யாரோ கேட்க, தான் குடியிருக்கும் மாடிதான் நினைவுக்கு வந்தது. நாலாம் மாடி என்றார்.

ஸ்பூன் சத்தம் அடங்கியது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் வந்தது.

அப்புறம் என்ன, பதினொரு சொந்தப் பாட்டும் நாலாம் மாடியின் கணக்கில் போயின. நாலு மாதத்தில் கூடம் நிரம்பி வழிந்தது. ஒருவர் தன் மாமாவிடம் அந்தக் கேசட் இருந்ததாகச் சொன்னார். இன்னொருவர் அந்தக் குழுவை நேரிலேயே பார்த்திருக்கிறாராம். பல் டாக்டர் சிரித்துச் சிரித்து மாய்ந்துபோனார். இடிக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே ஒரு கத்தில் மாட்டியிருந்தவர் இங்கே ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இது தெரிந்ததும் இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. ஒரு காலத்தில் அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருடம் திரும்பவே இல்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்காமல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன் என்று அவர் பாட்டெழுதி அனுப்பினார், அதற்குத்தான் வந்தாள். கூட்டம் இப்போது அதிகம் கேட்பதும் அந்தப் பாட்டைத்தான்.

"எனக்கு எழுதின பாட்டை அநாதையாக்கிட்டீங்களே," என்றாள். "உங்களுதுன்னு சொல்லுங்க. நான் வந்து உக்காந்து கேக்கறேன்."

அந்தச் சனிக்கிழமை தூண் ஓரத்து மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இடி மைக்கைப் பிடித்து, நாலாம் மாடி என்று ஒரு குழுவே கிடையாது, எல்லாம் நான் எழுதியது என்றார். கூடமே சிரித்தது. இன்னொரு முறை சொன்னார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. வாராவாரம் முன்வரிசையில் மனைவியோடு உட்காரும் வழுக்கைத் தலைப் பெரியவர் மெல்ல எழுந்தார்.

"தம்பி, எங்களுக்குக் கல்யாணம் ஆறதுக்கு முன்னாடியே அந்தக் கதவுப் பாட்டை நாங்க கேட்டிருக்கோம். நல்லாப் பாடறீங்க. அதுக்காக அடுத்தவங்க பாட்டை உங்களுதுன்னு சொல்லலாமா?"

பெரியவரின் மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மாள் கண்ணில் பொய்யே இல்லை. கூடம் பெரியவருக்குக் கைதட்டியது.

தூண் ஓரத்தில் தன் மனைவி கையைப் பிசைந்துகொண்டிருப்பதை இடி பார்த்தார். சாட்சி சொல்ல அவளைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் இத்தனை பேர் முன்னால் அவளையும் பொய்க்காரி ஆக்குவார்கள்.

"தப்புதாங்க," என்றார். "பழைய பாட்டுதான்."

அதையே பாடினார். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள், இடியின் மனைவி ஒருத்தியைத் தவிர.

முடிந்ததும் பெரியவர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க தம்பி. அன்னிக்குப் பாடினவன் அளவுக்கு இல்லை. ஆனா பக்கத்துல வந்துட்டீங்க."

அடுத்த வாரம் இன்னும் நன்றாகப் பாடப் பார்க்கிறேன் என்றார் இடி.