பெல்ட்டும் சணல் கயிறும்

திண்டிவனம் மல்லாட்டை (வேர்க்கடலை) குடோன் வாட்ச்மேன், பேண்ட்டுக்கு பெல்ட் போட்டு, அதன் மேலே சணல் கயிறும் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"பெல்ட்டு அறுந்தா கயிறு நிக்கும் சார்."

சிரித்துவிட்டு, இன்டர்நெட் இணைப்புக்காக நான் மாட்டிய பெட்டிகளைக் காட்டினேன். "விழுப்புரம் ஆபீஸுக்கு இங்கேர்ந்து ரெண்டு லைன், ரெண்டு ரவுட்டர். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடும்ணே."

அவர் நாற்காலியை விட்டு எழாமலே, கால் கட்டைவிரலால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சைத் தட்டினார். இரண்டு ரவுட்டரும் சேர்ந்தே அணைந்தன.

"ரெண்டையும் ஒரே பாக்ஸ்ல சொருவிக்கினு பேசறீங்களே."

விழுப்புரத்திலிருந்து மேனேஜர் போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. நேற்று அங்கேயும் அப்படித்தான் சொருகிவிட்டு வந்திருந்தேன்.

அந்த வாட்ச்மேனின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் ஏறும்போது மட்டும் என் கை தானாகப் போய் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தது.